கூர் பார்த்த கை

கவ்வாத்துக் கத்தி மழுங்கினால் தேயிலைக் கிளை நறுக்கென்று வெட்டுப்படாது. சிம்பு சிம்பாகப் பிளந்துபோகும். கொட்டகலையில் மலையேறிக் கவ்வாத்து வெட்டியவருக்கு இதைச் சொல்லித்தர வேண்டியதில்லை.

மில்லிங் மெஷினில் அலுமினியமும் அப்படித்தான். மென்மையான உலோகம்தானே என்று மழுங்கிய கட்டரை வைத்தால், சூடேறி இழுபட்டு விளிம்பிலேயே அப்பிக்கொள்ளும். 2 அல்லது 3 பல் உள்ள, பளபளவென்று தீட்டிய கார்பைட் கட்டர்தான் தோது. பல் குறைந்தால் சீவல் வெளியேற வழி கிடைக்கும். அலுமினியம் கலந்த பூச்சுள்ள கட்டர் ஆகாது. இனம் இனத்தோடு ஒட்டும். சிலிக்கன் கூடிய வார்ப்பு என்றால் கூர் சீக்கிரம் தேயும். கொஞ்சம் மண்ணெண்ணெய், நல்ல வேகம், தயங்காத கை.

சீவல் பறந்த இடத்தை விரலால் தடவுங்கள். மழைத்துளி நிற்காமல் வழியும் கவ்வாத்துச் சாய்வெட்டின் அதே வழவழப்பு.