நிலமும் பொழுதும்

நிலமும் பொழுதும் முதற்பொருள் என வகுத்தவர் தொல்காப்பியர். அவ்விரண்டையும் பிரித்து நோக்குதல் தமிழ் மரபுக்கு உடன்பாடன்று. ஒரு நிலத்தைப் பாடும் புலவன் அதற்குரிய பருவத்தையும் மரத்தையும் பயிரையும் தொழிலையும் சேர்த்தே பாடுகின்றான். கவிதைக்கென அமைந்த இவ்வளவுகோல், இன்றைய கணினிக் கலை ஒன்றனை எடைபோடவும் துணைபுரிகின்றது.

விமானம் ஓட்டும் அனுபவத்தைத் திரையில் தரும் ஃபிளைட் சிமுலேட்டரே அக்கலை. அவற்றுட் பல பழைய போர்களைக் களமாகக் கொண்டவை. 1940ஆம் ஆண்டு ஜூலை முதல் அக்டோபர் வரை தென்கிழக்கு இங்கிலாந்தின் வானில் நிகழ்ந்த பிரிட்டன் போர் அவற்றில் மீண்டும் மீண்டும் எடுத்தாளப்படுகின்றது. 2011இல் வெளிவந்த ‘கிளிஃப்ஸ் ஆஃப் டோவர்’ அவ்வகையினது. இத்தகைய படைப்புகளில், கணினி அமைத்த மேடுபள்ளங்களின் மீது வயலும் காடும் சாலையும் தீட்டிய படங்களைத் துணிபோலப் போர்த்துவர். இதனை டெக்ஸ்சர் என்பர்; ஈண்டுத் தரைப்படம் எனலாம்.

விமானத்தைப் பொறுத்தவரை ஆர்வலர் காட்டும் நுணுக்கம் வியப்புக்குரியது. ஸ்பிட்ஃபயரின் இறக்கையில் ஓர் ஆணி இடம் மாறியிருந்தாலும் குற்றம் காண்பர். அதன் கீழே விரியும் மண்ணோ, பச்சையாக இருந்தாற் போதும் என்று அமைதி கொள்வர். பொறிக்குக் காட்டும் நேர்மையை மண்ணுக்குக் காட்ட மறுப்பது வரலாற்றுக் கலைக்குப் பெருங்குறையாகும்.

தரைப்படம் செய்வதற்கு எளிய வழி, இன்றைய செயற்கைக்கோள் படங்களை அப்படியே எடுத்து ஒட்டுவது. 2020இல் வந்த ‘மைக்ரோசாஃப்ட் ஃபிளைட் சிமுலேட்டர்’ போல இன்றைய உலகைக் காட்டுவதற்கு அது பொருத்தமே. 1940ஐக் காட்ட வரும்போது அதுவே பொய்ச்சாட்சி ஆகிவிடுகின்றது. வசந்தத்தில் எடுத்த படமாயின் ரேப் பயிரின் பொன்மஞ்சள் வயல்கள் அதில் ஒளிரும். அப்பயிர் இங்கிலாந்தில் பரவியது 1970களுக்குப் பின்னரே. லண்டனைச் சுற்றி 1986இல் நிறைவுற்ற எம்25 நெடுஞ்சாலை தெரியும். வயல்களைப் பிரித்த உயிர்வேலிகளுட் பல, பெரும் இயந்திரங்களுக்கு வழிவிடப் போருக்குப் பின் அகற்றப்பட்டன. அவ்வேலிகளில் ஓங்கி நின்ற எல்ம் மரங்கள், 1960களின் இறுதியில் வந்த கொடிய நோயால் இரண்டு கோடிக்கும் மேலாக மடிந்தன. நிலம் அங்கேயே இருக்கின்றது, பொழுதுதான் மாறிவிட்டது.

அவ்வாறாயின் உண்மையைத் தேடுவது எங்ஙனம்? 1940களின் பிற்பகுதியில் பிரிட்டிஷ் விமானப்படை நாட்டை வானிலிருந்து படம் பிடித்தது. அப்படங்கள் வயலின் வடிவைச் சொல்லும். கறுப்பு வெள்ளையாதலின் நிறத்தைச் சொல்லா. 1930களில் டட்லி ஸ்டாம்ப் பள்ளி மாணவர்களின் துணையோடு நடத்திய நிலப்பயன்பாட்டு ஆய்வின் வரைபடங்கள், உழுநிலம் எது, புல்வெளி எது, பழத்தோட்டம் எது எனப் பிரித்துக் காட்டும். எந்தத் திங்களில் எந்நிறம் என்பதை உழவுத்தொழில் அறிந்தோரே சொல்லவியலும். ஒளிப்படமும் வரைபடமும் உழவறிவும் கூடினாலன்றி உண்மையான தரைப்படம் உருவாகாது.

அதுவும் ஒரே படமாக இருத்தல் இயலாது. போர் தொடங்கிய ஜூலையில் கோதுமை முற்றிக்கொண்டிருந்தது. ஆகஸ்டில் அறுத்த கதிர்க்கட்டுகளை வரிசை வரிசையாக நிறுத்தி உலர்த்தினர். செப்டம்பரில் அரிதாள் வெளிறிக் கிடந்தது. கென்ட் வட்டாரத்தில் ஹாப்ஸ் பறிக்கும் காலமும் அதுவே. அக்டோபரில் உழுத மண் கருமை காட்டியது. நான்கு திங்களையும் ஒரே பச்சையில் தீட்டுபவர், பெரும்பொழுதை அறவே மறந்தவராவர்.

இதற்கு நேரெதிரான பிழையும் உண்டு. வாழ்த்து அட்டையில் காணும் அழகிய சிற்றூர்களை அள்ளித் தெளித்துப் பழமையைப் போற்றிவிட்டதாக மகிழ்வோர் உளர். உண்மை அத்துணை இனியதன்று. இரு போர்களுக்கு இடைப்பட்ட வேளாண் வீழ்ச்சியால் முட்செடி மண்டிய வயல்களும் தூர்ந்த வடிகால்களும் அங்கே மிகுந்திருந்தன. 1939இல் அரசு, பழைய புல்வெளியை உழுவோர்க்கு ஏக்கருக்கு 2 பவுன் அளித்தது. 1940இலோ, பகைவரின் கிளைடர்கள் இறங்காவண்ணம் திறந்த வெளிகளில் கம்பங்கள் நடப்பட்டன, பள்ளங்கள் தோண்டப்பட்டன. வறுமையும் அச்சமும் அவசரமும் பதிந்த மண் அது. அந்த வடுக்களை மறைக்கும் அழகு, அழகாகாது.

பதினையாயிரம் அடி உயரத்தில் இவற்றை யார் காணப்போகின்றனர், இது விளையாட்டுத்தானே எனச் சிலர் கூறக்கூடும். வான்போர் உயரத்திலேயே நின்றுவிடவில்லை. அடிபட்ட விமானங்கள் அறுவடை வயல்களில் வீழ்ந்தன. அதனினும் முதன்மையானது வேறொன்று. அப்போரைக் கண்டோர் அருகி மறைந்துவரும் இந்நாளில், இளையோர் பலருக்குத் திரையில் காண்பதே 1940ஆம் ஆண்டாக நிலைத்துவிடும். பிழையான வயல், பிழையான நினைவாக விளையும்.

இக்கவலை இங்கிலாந்துக்கு மட்டும் உரியதன்று. 1941 டிசம்பரில் ஜப்பானியப் படை இறங்கிய மலாயாவை, இன்றைய செயற்கைக்கோள் படங்களைக் கொண்டு ஒருவர் அமைப்பதாகக் கொள்வோம். அன்று ரப்பர் நின்ற இடமெல்லாம் செம்பனை நிற்கும். அந்த ரப்பர்க் காட்டினுள் தமிழர் வாழ்ந்த தோட்டத்து லயங்கள் பல இருந்த சுவடே தெரியாது. அப்படத்தில் மறைவது மரம் மட்டுமன்று; மரத்தை நம்பி வாழ்ந்த மாந்தரும் மறைவர்.

ஆகவே, தரைப்படம் விமானத்திற்கு விரித்த வெறும் கம்பளம் அன்று. உழுதவர், அறுத்தவர், வேலி கட்டியவர் ஆகியோரின் கைச்சாத்து அது. அதனைப் படித்தறிந்து பொழுது பிழையாமல் தீட்டுவோரே, பழைய நிலத்தை மீட்டுத் தருபவராவர்.