தன்விசாரணையின் எல்லைகள்: கஸ்ஸாலியை முன்வைத்து

தன் ஒழுக்கத்தைத் தானே விசாரித்தல் தனிமனிதனின் அந்தரங்க விவகாரம் என்பது நம்மிடையே வேரூன்றிய கருத்து. இமாம் கஸ்ஸாலியை நுணுகி வாசிப்போர் இதனை ஏற்பது கடினம்.

1091இல் அவரைப் பக்தாத் நிஸாமிய்யாவின் பேராசிரியராக நியமித்தவர் ஸல்ஜூக்கிய அமைச்சர் நிஸாமுல் முல்க். நான்கு ஆண்டுகளின் பின், தமது போதனையைத் தூண்டுவது இறைவழி அன்று, பதவியும் புகழுமே எனக் கண்டார். ஏறத்தாழ ஆறு மாதங்கள் ஊசலாடினார். கற்பிக்க முயன்றும் நா எழவில்லை. ஈற்றில் பதவியைத் துறந்தார். பின்னர், ஆட்சியாளரின் பணத்தைப் பெறுவதில்லை எனவும் உறுதிபூண்டார். அதாவது உள்ளத்தைக் குடைந்த வினா ஊதியத்தின் ஊற்றுக்கண்வரை சென்றது. (பல்கலைக்கழகத்தாராகிய நாம் இவ்விடத்தை விரைந்து கடந்துவிடுவதுண்டு.) ஆயினும் 1106இல் மற்றோர் அமைச்சரின் அழைப்பின்பேரில் நிஷாப்பூரில் மீண்டும் கற்பிக்கலானார். இம்முரண்பாட்டைத் தனிமனித பலவீனமாகக் கொள்வதைவிட, அரசை அண்டியே அறிவு பிழைத்த சமூக அமைப்பின் வெளிப்பாடாகக் கொள்வதே பொருந்தும்.

'இஹ்யா உலூமித்தீன்' தன்விசாரணையை வணிகரின் மொழியிற் பேசுகிறது. அறிவு முதலாளி; ஆன்மா பங்காளி. முதலில் நிபந்தனை, பின் கண்காணிப்பு, பொழுது சாய்ந்ததும் கணக்கு. நகர வணிக வாழ்விற் பிறந்த வலிமையான உருவகம் இது. ஆனால் அப்பேரேட்டில் இருவரே உளர். சரக்கை விளைவித்தவருக்கு அங்கே பத்தி இல்லை. சாய்ந்தமருதின் வயல்வெளியில் நின்று வாசிக்கையில் இது உறுத்துகிறது. செலவிட்டு நீர் இறைத்து விளைந்த நெல்லுக்கு இருபதில் ஒரு பங்கு ஸகாத் என்பதை அறியாத போடியார் இல்லை. வெட்டியவரின் கூலி போதுமா என்ற வினாவை இவ்வுருவகம் தானாக எழுப்பாது.

2019 ஏப்ரல் 26இல் இவ்வூரின் வீடொன்றில், உயிர்த்த ஞாயிறுத் தாக்குதலோடு தொடர்புடைய ஆடவர் மூவர் குண்டுகளை வெடிக்கவைத்துத் தம் பெண்களோடும் குழந்தைகளோடும் மாண்டனர். புதிதாக வந்தோர்மீது ஐயுற்று முதலில் அறிவித்தவர் ஊர்மக்களே. எனினும் அதன்பின் முஸ்லிம் சமூகம் முழுவதுமே தன்னை விசாரிக்கவேண்டுமெனக் கோரப்பட்டது. கஸ்ஸாலியிடம் கேட்பவரும் கேட்கப்படுபவரும் ஒருவரே. இங்கோ கேட்டது அதிகாரம், எதிர்பார்த்தது விசுவாசப் பிரகடனம். மறுமாதம் மினுவாங்கொடையில் முஸ்லிம்களின் கடைகள் எரிந்தபோது, எரித்தோரின் சமூகத்திடம் அவ்வினா அதே உரத்த குரலில் எழுப்பப்படவில்லை.

இதனைக் காட்டி வினாவையே தள்ளிவிடும் எழுத்தாளரோடு எனக்கு உடன்பாடில்லை. பிறர் திணித்த வினாவை மறுப்பது வேறு. சூபிகள்மீதான வெறுப்புப் பேச்சை நம் பள்ளிவாசல்களின் செல்வந்த நிர்வாகங்கள் எவ்வளவு காலம் சகித்தன என்று நாமே கேட்பது வேறு. அக்கேள்வியைக் கருவாகக் கொண்ட கதையை இக்கரையிலிருந்து எதிர்பார்க்கிறேன்.