திரையில் பறக்கும் கூட்டம்

கிரெய்க் ரெனால்ட்ஸ் 1986-இல் எழுதிய ‘பாய்ட்ஸ்’ நிரல், பறவைக் கூட்டத்தைத் திரையில் பறக்கவிடுகிறது. அதில் தலைமைப் பறவை கிடையாது. ஒவ்வொரு பறவைக்கும் மூன்றே விதிகள்: பக்கத்துப் பறவையோடு மோதாதே, அக்கம்பக்கத்துப் பறவைகள் போகும் திசையிலும் வேகத்திலும் போ, அவற்றின் நடுப்பகுதியை நோக்கி நகர். ஓடவிட்டால், சிதறிக் கிடந்த புள்ளிகள் மெல்லக் கூடி, ஒன்றாக வளைந்து திரும்புகின்றன. நிரல் கற்கத் தொடங்கும் எவருக்கும் இதை முதலில் எழுதிப் பார்க்கச் சொல்வேன். கட்டளையிட ஆளில்லாமலே ஒழுங்கு பிறக்கும் என்று படித்துத் தெரிந்துகொள்வது வேறு. நாமே எழுதிய சில வரிகளிலிருந்து அது எழுவதைப் பார்ப்பது வேறு.

ஆனால், நிஜம்போல் தெரிவதாலேயே பறவைகள் இப்படித்தான் பறக்கின்றன என்று நம்பிவிடுகிறோம். ரெனால்ட்ஸ் தேடியது அனிமேஷனுக்கு ஒரு வழி. 1992-இல் வந்த ‘பேட்மேன் ரிட்டர்ன்ஸ்’ படத்தின் வௌவால் கூட்டத்துக்கு இந்த முறை பயன்பட்டது. சினிமாவுக்குக் கண் ஒப்புக்கொண்டால் போதும். உயிரியலுக்குப் போதாது.

பாய்ட்ஸ் பறவை, குறிப்பிட்ட தூரத்துக்குள் இருப்பவற்றை மட்டும் கவனிக்கும். இத்தாலிய இயற்பியலாளர்கள் ரோம் நகரில் ஓர் அருங்காட்சியகத்தின் கூரையில் கேமராக்களை வைத்து, மைனா குடும்பத்தைச் சேர்ந்த ஸ்டார்லிங் கூட்டங்களைப் படமெடுத்து, ஒவ்வொரு பறவையின் இடத்தையும் முப்பரிமாணத்தில் கணக்கிட்டார்கள். 2008-இல் வெளியான முடிவு: பறவை தூரத்தைப் பொருட்படுத்துவதில்லை, எவ்வளவு தள்ளியிருந்தாலும் தனக்கு மிக அருகிலுள்ள ஆறேழு பறவைகளைத்தான் கவனிக்கிறது. வல்லூறு பாய்ந்து கூட்டம் விரியும்போது இந்த வேறுபாடு முக்கியமாகிறது. தூர விதிப்படி, விலகிய பறவையின் தொடர்பு அறுந்துவிடும். எண்ணிக்கை விதிப்படி அறுவதில்லை. அமைதியாகப் பறக்கும் கூட்டத்தைத் திரையில் பார்த்து எந்த விதி ஓடுகிறது என்று சொல்வது கடினம்.

இத்தகைய நிரல்களுக்குள்ளேயே இன்னொரு கண்ணி இருக்கிறது. நோவாக், மே என்ற ஆய்வாளர்கள் இருவரும் 1992-இல், கட்டங்களில் அமர்ந்த உயிர்கள் அண்டையாரோடு ஒத்துழைப்பதையும் ஏமாற்றுவதையும் கணினியில் ஓட்டிக் காட்டினார்கள். ஒத்துழைப்பு அழியாமல், கோலம்போல விரிந்தது. எல்லாக் கட்டங்களும் ஒரே கணத்தில் மாறும்படி அதை எழுதியிருந்தார்கள். மறு ஆண்டே ஹியூபர்மேன், கிளான்ஸ் என்ற வேறு இரு ஆய்வாளர்கள் கட்டங்களைத் தனித்தனி நேரத்தில் மாறவிட்டார்கள். நிரலில் கொடுத்த அதே எண்மதிப்புகளில் ஒத்துழைப்பு மடிந்தது. வேறு மதிப்புகளில் அது பிழைக்கும் என்று பின்னர் பதில் வந்தது உண்மைதான். ஆனாலும், உயிரைப் பற்றிய கண்டுபிடிப்பாகத் தோன்றியதில் ஒரு பங்கு நிரலின் கடிகாரத்தைச் சேர்ந்தது என்பது அம்பலமாகிவிட்டது.

எண்களைத் திருகித் திருகி, படம் அழகானதும் நிறுத்திவிடுவதே உயிர்களை நிரலில் ஓட்டிப் பார்க்கும் இந்தத் துறையில் நான் காணும் பெரிய குறை. எழுதுங்கள், நிறைய எழுதுங்கள். ஆனால் உயிர்களைப் பற்றி ஏதாவது சொல்லும் முன் புதுப்பிக்கும் வரிசையைக் கலைத்துப் பாருங்கள். ஒரு விதியை நீக்கிப் பாருங்கள். வெளியே யாராவது அளந்த தரவோடு ஒப்பிட்டுப் பாருங்கள்.