அடுத்த மர்ம நாவல்: கிண்டிலும் சிம்மக்கல் நூலகமும்

தமிழில் துப்பறியும் நாவலுக்குப் பஞ்சம் வந்ததில்லை. ஜே. ஆர். ரங்கராஜுவின் ‘ராஜாம்பாள்’ 1908இல் வெளிவந்தது. ஆரணி குப்புசாமி முதலியாரும் வடுவூர் துரைசாமி ஐயங்காரும் அதையொட்டிய காலத்தில் எழுதிக் குவித்தார்கள். தேவன், தமிழ்வாணன், சுஜாதா என்று வரிசை நீண்டது. 1980களில் மாத நாவல்கள் பெட்டிக்கடை வாசலில் கிளிப் போட்டுத் தொங்கியபோது அது உச்சத்தைத் தொட்டது. கோவைக்காரரான ராஜேஷ்குமார் ஒருவரே 1500 நாவல்களுக்கு மேல் எழுதியிருக்கிறார். ஆகவே வாசகருக்குப் புத்தகம் கிடைக்காமல் போவதில்லை. ஒன்றை முடித்த சூட்டில் அடுத்து எதை எடுப்பது என்பதில்தான் திணறல். அந்தத் திணறலைத் தீர்க்க அமேசானின் கிண்டில் மின்னூல் கருவியும் அதன் கடையும் எவ்வளவு உதவும் என்பதே இங்கே பார்க்கப்படுகிறது. ஒப்பீட்டுக்கு வேறு சில செயலிகளும், மதுரை சிம்மக்கல்லில் உள்ள மாவட்ட மைய நூலகமும்.

பார்வைக்கு எடுத்துக்கொண்டது 12ஆம் தலைமுறை கிண்டில் பேப்பர்வைட். 2025 ஏப்ரலில் 16,999 ரூபாய் விலையில் இந்தியாவுக்கு வந்தது. 7 அங்குலத் திரை, அங்குலத்துக்கு 300 புள்ளிகள், 16 ஜிபி சேமிப்பு, எடை 211 கிராம். ஒருமுறை சார்ஜ் ஏற்றினால் 12 வாரம் வரை தாங்கும் என்பது நிறுவனத்தின் கணக்கு. அது நாளுக்கு அரை மணி நேரம் மட்டும் படிப்பவரை வைத்துப் போட்ட கணக்கு. கொலைகாரன் யார் என்று தெரியாமல் தூங்க முடியாதவர்களுக்கு அது பொருந்தாது. மதுரை வெயிலில் நண்பகலில் பேருந்துக்கு நிற்கும்போது கைபேசித் திரை முகம் பார்க்கும் கண்ணாடியாகிவிடும். மின்தாள் திரையில் அந்தத் தொல்லை இல்லை. வெயில் கூடக்கூட எழுத்து தெளிகிறது.

தமிழ் எழுத்துருவில் மட்டும் ஒரு சிறு வேலை இருக்கிறது. தமிழ்ச் சொற்கள் நீளம். இரு ஓரமும் சீராக நிற்கும் அமைப்பில் எழுத்தைப் பெரிதாக்கினால், ‘கண்டுபிடிக்கப்பட்டிருக்கிறது’ மாதிரியான ஒரு சொல் அடுத்த வரிக்குத் தாவும்போது முந்தைய வரியில் பல் விழுந்த வாய்போல இடைவெளிகள் விழுகின்றன. அமைப்புகளில் இடப்பக்க ஒழுங்குக்கு மாற்றினால் சரியாகிவிடும். இதைச் செய்யாமல் ‘கிண்டிலில் தமிழ் படிக்க முடியவில்லை’ என்று அலுத்துக்கொள்பவர்கள் உண்டு. கிண்டிலில் தமிழுக்கு அதிகாரபூர்வ ஆதரவு 2016 டிசம்பரில்தான் வந்தது. அதற்கு முன் தமிழ் மின்னூல் வெளியிட்டவர்கள் கருவியின் அளவுக்கென்றே 6 அங்குல பிடிஎஃப் தயாரித்துக் கொடுத்தார்கள். ஃப்ரீதமிழ்ஈபுக்ஸ் தளத்தின் பல நூல்களில் அந்த வடிவத்தை இன்றும் பார்க்கலாம்.

மர்ம நாவல் படிப்பவர் முதலிலேயே அணைக்க வேண்டியவை இரண்டு. ஒன்று, திரையின் அடியில் ஓடும் சதவீதம். நாவலில் ஆளைப் பிடித்து விலங்கு மாட்டும்போது அடியில் 58 சதவீதம் என்று தெரிந்தால், பிடிபட்டவன் குற்றவாளி இல்லை என்பது அங்கேயே உடைந்துவிடுகிறது. காகிதப் புத்தகத்திலும் மீதிப் பக்கத்தின் கனம் விரலுக்குத் தெரியும்தான், ஆனால் அது இவ்வளவு துல்லியமாகக் காட்டிக்கொடுக்காது. அந்த எண்ணைத் தொட்டால் மறைத்துவிடலாம். மற்றது, பிற வாசகர்கள் அடிக்கோடிட்ட வரிகளைக் காட்டும் வசதி. சமையல் நூலில் பயன்படலாம். மர்ம நாவலில் ஒரு சாதாரண வரிக்குக் கீழே கோடு தெரிந்தால் அதுவே துப்பாகிவிடும்.

ஆக, படிக்கும் கருவி என்ற அளவில் குறை குறைவு. தேடும் கருவி என்று பார்த்தால்தான் தள்ளாடுகிறது.

கடையில் தமிழ் நூல்களின் தலைப்பு பெரும்பாலும் ஆங்கில எழுத்தில் பதிவாகியிருக்கும், வாலில் ‘தமிழ் எடிஷன்’ என்ற குறிப்போடு. ‘கொலையுதிர் காலம்’ என்பதை ஆங்கிலத்தில் எழுத ‘தி’க்கு டி மட்டும் போதுமா, டிஎச் வேண்டுமா, ‘கா’வுக்கு ஓர் ஏயா இரண்டா என்பதெல்லாம் பதிவேற்றியவரின் விருப்பம். சுஜாதாவின் இத்தனை பிரபலமான நாவல் எப்படி அடித்தாலும் சிக்கிவிடும். பெயர் அரைகுறையாக நினைவிருக்கும் ஒரு மாத நாவல் சிக்காது. எழுத்தாளர் பெயருக்கும் இதே கதி. தமிழ் எழுத்தில் ஒருமுறை, ஆங்கில எழுத்தில் இரண்டு மூன்று விதமாக ஒருமுறை என்று தேடுவதே வழி. கருவியை விடக் கைபேசியில் தேடி வாங்கிக் கருவிக்கு அனுப்புவது சுலபம்.

இதைவிட ஆழமான குறை வேறு. தமிழ் மர்ம வாசகர் நூலைத் தலைப்பால் நினைவில் வைப்பதில்லை, துப்பறிபவரின் பெயரால் வைக்கிறார். கணேஷ்–வஸந்த், பரத்–சுசீலா, நரேந்திரன்–வைஜெயந்தி, விவேக்–ரூபலா, சங்கர்லால். ‘சுசீலா டீ ஷர்ட் வாசகத்தோடு வருகிற கதை இன்னொன்று இருந்தால் கொடுங்க’ என்று கேட்டால் பழைய வாடகை நூலகக்காரருக்குப் புரியும். கடையின் தேடுபெட்டிக்குப் புரியாது. தொடர் வரிசையைப் பதிய கடையில் இடம் இருந்தும், பல தமிழ் மின்னூல்களில் அது காலியாகவே கிடக்கிறது. ஆங்கிலத்தில் ஒரு துப்பறிவாளரின் முதல் நூலை முடித்ததும் இரண்டாவது தானாக வந்து நிற்கும். தமிழில் நாவல் முடிந்ததும் வருவது அதே எழுத்தாளரின் ஏதோ ஒரு நூல். 1500 நாவல் எழுதியவர் விஷயத்தில் அந்த உதவி எவ்வளவு என்பதைச் சொல்ல வேண்டியதில்லை.

விற்பனைப் பட்டியலும் வழிகாட்டாது; அதற்குக் காரணம் சந்தாவின் கணக்கு முறை. மாதச் சந்தாவுக்கு நூல்களை இரவல் தரும் கிண்டில் அன்லிமிடெட் 2015 செப்டம்பரில் மாதம் 199 ரூபாய் கட்டணத்தோடு இந்தியாவுக்கு வந்தது. அதில் நேரடியாக வெளியிடும் எழுத்தாளருக்குப் படிக்கப்பட்ட பக்கங்களைக் கணக்கிட்டே பணம் போகிறது. இரவல் எடுப்பதும் தரவரிசையில் சேருகிறது. நூறு பக்கத்தில் முடியும் துப்பறியும் கதையைவிட, அறுநூறு பக்கம் ஓடும் குடும்பக் காதல் கதைக்கு இந்த ஏற்பாடு சாதகம். மர்மம் என்ற வகைப்பாட்டிலும் அத்தகைய கதைகள் ஏறி உட்கார்ந்துகொள்கின்றன. ஒரு கடத்தலும் ஒரு மிரட்டல் கடிதமும் இருந்தால் போதும் போலிருக்கிறது.

கடை தரும் வசதிகளில் உண்மையாகவே பயன்படுவது இலவச மாதிரி. நூலின் முதல் பத்தில் ஒரு பங்கு அளவுக்குக் கருவியில் வந்து இறங்கும். எழுத்தாளருக்கு எழுத்தாளர் அதன் மதிப்பு மாறும். ராஜேஷ்குமார் இரண்டு தண்டவாளமாகக் கதையை ஓட்டுபவர். கோவையில் ஒரு பிணம், வேறெங்கோ ஒரு குடும்பத்தில் ஒரு ரகசியம், இரண்டும் கடைசியில்தான் சேரும். மாதிரியில் தண்டவாளங்களின் தொடக்கம் தெரியும், சேரும் இடத்தின் தரம் தெரியாது. சுஜாதாவுக்கு முதல் இரண்டு பக்கமே போதும். அந்த நடை பிடித்தவர் வாங்குவார், பிடிக்காதவருக்கு முடிவு எப்படியிருந்தாலும் பிடிக்காது.

அமேசான் 2013இல் வாங்கிய குட்ரீட்ஸ் தளம் பரிந்துரைக்கென்றே உள்ளது. தமிழுக்கு அது பாதிதான். ஒரே நாவல் தமிழ் எழுத்திலும் ஆங்கில எழுத்திலும் வெவ்வேறு பதிவாகக் கிடப்பதால் நட்சத்திரங்கள் சிதறிப்போகின்றன. சுஜாதாவுக்குக் கருத்துகள் ஏராளம், மாத நாவல்களுக்கு அரிது. முடிவை உடைக்கும் வரிகளை மறைக்க அங்கே வசதி உண்டு. அதைப் பயன்படுத்தாமல் முழுக் கதையையும் சொல்லிவிடுகிற நல்ல உள்ளங்களும் உண்டு. நட்சத்திரத்தை மட்டும் பார்த்துவிட்டு வெளியேறுவது பாதுகாப்பு.

2014இல் பெங்களூருவில் தொடங்கிய பிரதிலிபி செயலி இதற்கு நேர் எதிர். அங்கே தமிழ் எழுத்திலேயே எல்லாம் இருக்கிறது, வகைப்பாடும் தமிழில். அத்தியாயம் அத்தியாயமாக வரும் தொடர்கதையே அதன் உயிர். அடுத்ததற்குக் காத்திருக்க வேண்டும், அல்லது நாணயம் செலவழிக்க வேண்டும். வாரப் பத்திரிகைத் தொடரின் ‘தொடரும்’ இங்கே கட்டணமாகியிருக்கிறது. எடிட்டர் கை படாத எழுத்து என்பதால் நல்லதும் மோசமும் கலந்தே வரும். மர்மக் கதையில் ஒரு தனி ஆபத்தும் இருக்கிறது: வாசகர் கருத்தைப் பார்த்து எழுத்தாளர் குற்றவாளியை மாற்ற முடியும். முடிந்த தொடர்களை மட்டும் எடுப்பது நல்லது.

காசே செலவழிக்காமல் தொடங்க நினைப்பவருக்குக் காப்புரிமை முடிந்த நூல்கள் இருக்கின்றன. இந்தியச் சட்டப்படி எழுத்தாளர் இறந்த ஆண்டுக்குப் பின் 60 ஆண்டுகள். வடுவூரார் 1942இல் மறைந்தார், தேவன் 1957இல், ரங்கராஜு 1959இல். மூவரின் எழுத்தும் இன்று பொதுச்சொத்து. 1998 பொங்கலன்று கல்யாணசுந்தரம் தொடங்கிய மதுரைத் திட்டம், தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் மின்நூலகம், விக்கிமூலம் ஆகிய மூன்றிலும் பழைய நாவல்களைத் தேடலாம். ஈபப் கோப்பாகக் கிடைத்தால் கிண்டிலுக்கு அனுப்பிவிடலாம். ஸ்கேன் செய்த பிடிஎஃப் என்றால் எழுத்தைப் பெரிதாக்க வழியில்லை, பக்கத்தையே இழுத்து இழுத்துப் படிக்க வேண்டும். இன்றும் எழுதிக்கொண்டிருப்பவர்களின் மாத நாவல்கள் டெலிகிராம் குழுக்களில் இப்படி ஸ்கேனாகச் சுற்றுகின்றன. அது எழுதியவரின் வயிற்றில் அடிப்பது. படிக்கவும் கண் வலி.

நூலகத்தை ஒப்பீட்டுக்குக் கொண்டுவருவது பழைய நினைப்பின் ஏக்கத்தால் அல்ல. பட்டியலைப் பொறுத்தவரை நூலகமும் கடையைப் போலத்தான்: நூல்களை வகைப்படுத்தும் ட்யூயி முறை புனைகதையை மொழிப்படி பிரிக்குமே தவிர, துப்பறியும் கதை, குடும்பக் கதை என்று பிரிக்காது. மதுரையில் 2023 ஜூலை 15 அன்று திறக்கப்பட்ட கலைஞர் நூற்றாண்டு நூலகத்தின் கணினிப் பட்டியலிலும், சிம்மக்கல் மைய நூலகத்தின் அலமாரியிலும், எழுத்தாளர் பெயர் தெரிந்தவருக்கே வழி நேர். ஆனால் இரவல் தரும் நூலகத்தில் வேறொரு தகவல் கிடைக்கிறது: நூலின் உள்ளட்டையில் ஒட்டிய தேதிச் சீட்டு. முத்திரை மேல் முத்திரை விழுந்து, இடமில்லாமல் அடுத்த சீட்டு ஒட்டப்பட்டு, முதுகு பிய்ந்து மறுபடி பைண்டிங் ஆன நூல் ஒன்று. அதற்குப் பக்கத்திலேயே மடிப்புக் கலையாத இன்னொன்று. அந்தச் சீட்டில் யாரும் நண்பனுக்காக முத்திரை குத்திக்கொள்ள முடியாது. நட்சத்திரத்தைவிட நம்பகமான கணக்கு. இரவல் மேசை முழுக்கக் கணினிக்கு மாறும்போது இந்தத் தகவல் வாசகர் கண்ணிலிருந்து போய்விடும் என்பது ஒரு நட்டம்தான்.

நூலகத்தில் எழுத்தாளரைக் கண்டுபிடித்துவிட்டுக் கிண்டிலில் அவருடைய மீதி நூல்களைத் தேடுவது இரண்டின் பலத்தையும் சேர்க்கும். எதைப் பிடித்து எங்கே போவது என்பதற்குச் சில தடங்கள் உண்டு. வாதமும் தர்க்கமும் பிடித்தவர் சுஜாதாவின் ‘நைலான் கயிறு’ நாவலில் தொடங்கலாம். 1968இல் குமுதத்தில் வந்த இதில்தான் வழக்கறிஞர் கணேஷ் அறிமுகம், வஸந்த் பின்னால் வந்து சேர்ந்தவர். பேயா விஞ்ஞானமா என்று கடைசிவரை இழுக்கும் ‘கொலையுதிர் காலம்’ அடுத்தது. கிராமமும் மர்மமும் வேண்டுவோருக்கு, நாட்டுப்பாடல் சேகரிக்க வருபவனைச் சுற்றி நடக்கும் ‘கரையெல்லாம் செண்பகப்பூ’. நீதிமன்றம் பிடிக்கும் என்றால் தேவனின் ‘ஜஸ்டிஸ் ஜகந்நாதன்’. கொலை வழக்கு விசாரணையே நாவல். தமிழில் இவ்வகைக்கு இன்றும் இணை குறைவு, ஏனோ பரிந்துரைப் பட்டியல்களில் வருவதும் குறைவு. சிரித்துக்கொண்டே துப்பறிய அவருடைய ‘துப்பறியும் சாம்பு’. கோயில், சித்தர், சாபம் என்று போகிறவருக்கு, மதுரையிலேயே வாழ்ந்து 2024 நவம்பரில் மறைந்த இந்திரா சௌந்தர்ராஜன் இருக்கிறார். அவருடைய ‘விட்டுவிடு கருப்பா’ தான் நாகாவின் இயக்கத்தில் ‘விடாது கருப்பு’ தொடரானது. வேகம் ஒன்றே போதும் என்றால் பட்டுக்கோட்டை பிரபாகர், சுபா, ராஜேஷ்குமார் மூவரில் யாரையும் எடுக்கலாம். ஆங்கிலத்தில் படிப்பவர் பிரீதம் சக்ரவர்த்தி மொழிபெயர்த்து 2008இல் பிளாஃப்ட் வெளியிட்ட தமிழ் பல்ப் தொகுப்பில் ஒரே நூலில் பலரை ருசி பார்க்கலாம்.

கருவியை வாங்குவதா என்பது படிக்கும் அளவைப் பொறுத்தது. கைபேசிக்கான கிண்டில் செயலி இலவசம். கணக்கும் அதே, நூல்களும் அதே. வாரத்துக்கு ஒரு மாத நாவல் அளவில் படிப்பவருக்கு அதுவும் நூலக அட்டையும் போதும். இரவில் விளக்கணைத்தபின் படிப்பவர், எழுத்தைப் பெரிதாக்கித்தான் படிக்க முடியும் என்ற வயதினர், பயணத்தில் இருப்பவர் ஆகியோருக்கு 16,999 ரூபாய் வீண் இல்லை. சந்தாவைக் கருவியோடு சேர்த்தே எடுத்துவிட வேண்டாம். விருப்பமான எழுத்தாளர்களின் பெயரை முதலில் கடையில் போட்டு, அவர்களுடைய நூல்களில் எத்தனைக்கு அன்லிமிடெட் முத்திரை இருக்கிறது என்று பார்க்க வேண்டும். பதிப்பகத்துக்குப் பதிப்பகம் அது மாறும். இந்த மாதம் சந்தாவில் இருக்கும் நூல் அடுத்த மாதம் விலைக்குப் போய்விடுவதும் உண்டு.