தாமரை நகரும் நெடுவேள் குன்றமும்

பரிபாடல் திரட்டு மதுரையைத் திருமாலின் கொப்பூழில் மலர்ந்த தாமரையெனவும், தெருக்களை இதழ்களெனவும், அண்ணல் கோயிலைப் பொகுட்டெனவும் கூறும். இலட்சிய நகரின் வரைபடமாக இவ்வுவமையைப் போற்றுவாருள் சிலர் அதனைத் தெய்வத்தின் கோயிலென்பர், யாம் உடன்படோம். ஈண்டுக் கோயிலாவது பாண்டியன் அரண்மனையே. எனவே அந்நகரின் நடுவண் நிற்பது அரசநீதி.

இளங்கோவடிகள் ஊர்காண் காதையில் மணிக்கடை, அறுவைக்கடை, கூலக்கடை வீதிகளை விரித்துரைக்கின்றார்; அவற்றில் ஒரு பழுதுமில்லை. பழுதுற்றது பொகுட்டே. நகர் எரிந்தது. கண்ணகி வையைக் கரைவழி மேற்றிசை நடந்து நெடுவேள் குன்றம் ஏறினாள். அக்குன்றம் எதுவென்பதிற் கருத்து வேறுபாடுண்டு. கம்பம் பள்ளத்தாக்கினர் கூடலூருக்கு மேலுள்ள வண்ணாத்திப்பாறையே என்று கொண்டு, சித்திரை முழுமதியன்று மலையேறி வழிபடுவர். வேங்கை நிழலில் நின்றவளைத் தெய்வமெனக் கொண்டாடியவர் மலைச் சிறுகுடிக் குறவர். தாமரையைப் புகழ்வோர் இக்குன்றத்தைக் கருதினாரிலர்.