மாஸ்டர், ஸ்ட்ராங்கா ஒரு டீ: டீக்கடையை ரசிப்பது எப்படி?

பெரிய ஓட்டல்களில் சமையலறைக் கதவு சாத்தியே இருக்கும். டீக்கடையில் கதவே கிடையாது. பாய்லர், பால் சட்டி, எண்ணெய்ச் சட்டி எல்லாம் தெருவைப் பார்த்தபடி இருக்கும். மாவு கரைப்பதில் தொடங்கி டீ ஆற்றுவது வரை அத்தனையும் வாடிக்கையாளரின் கண்ணெதிரே நடக்கிறது. ஆனாலும் பலர் ‘ஒரு டீ’ என்று சொல்லிவிட்டு செல்போனுக்குள் தலையை விட்டுக்கொள்கிறார்கள். வந்ததைக் குடித்துவிட்டு, காசைக் கொடுத்துவிட்டு நடையைக் கட்டுகிறார்கள்.

டீக்கடையை ரசிக்க மூன்று விஷயம் தெரிந்தால் போதும். எதைக் கவனிப்பது, எப்படிக் கேட்பது, எந்த நேரத்துக்குப் போவது.

பாய்லர் பக்கம் நில்லுங்கள்

நிற்க ஏற்ற இடம் பாய்லர் பக்கம்தான். மாஸ்டர் குழாயைத் திருகிக் கொதிநீரைப் பிடிக்கிறார். தூள் நிரம்பிய துணிப்பையில் ஊற்றுகிறார். அடுத்த கணமே கீழே கருஞ்சிவப்பாக டிகாஷன் இறங்குகிறது. இந்த வேகத்துக்குக் காரணம் தூளின் ரகம். டீக்கடைகளில் பெரும்பாலும் டஸ்ட் தூள்தான் புழங்குகிறது. இந்தத் தூளைத் தரும், தேயிலையை நசுக்கி, கிழித்து, சுருட்டும் சி.டி.சி. முறை 1930-களில் அசாமில் அறிமுகமானது. முழு இலையில் சாரம் இறங்கச் சில நிமிடம் காத்திருக்க வேண்டும். டஸ்ட்டுக்கு அந்தப் பொறுமை வேண்டியதில்லை. குன்னூர் ஏல மையத்தில் கைமாறும் நீலகிரித் தேயிலையில் பெரும்பங்கு சி.டி.சி.தான்.

கையில் இருக்கும் கிளாசில் கொஞ்சம் சரித்திரமும் கலந்திருக்கிறது. 1964-ல் கையெழுத்தான சிறிமாவோ - சாஸ்திரி ஒப்பந்தத்தால் இலங்கையிலிருந்து தாயகம் திரும்பிய மலையகத் தமிழர்களுக்கு வேலை தருவதற்காக, 1968-ல் தமிழக அரசு தொடங்கிய தேயிலைத் தோட்டங்கள்தான் இன்றைய ‘டேன்டீ’.

புதிதாகத் தூள் போட்ட பையிலிருந்து இறங்கும் முதல் டிகாஷனில் மணம் தூக்கலாக இருக்கும். அதே சக்கையில் திரும்பத் திரும்ப வெந்நீர் ஊற்றினால் கசப்பும் துவர்ப்பும்தான் மிஞ்சும். மாஸ்டர் பையை உதறிப் பழைய சக்கையைக் கொட்டுவது கண்ணில் பட்டால், ஒரு நிமிடம் பொறுத்து டீ சொல்வது புத்திசாலித்தனம்.

அடுத்தது ஆற்றுதல். ஒரு கை தலைக்கு மேலே, இன்னொரு கை இடுப்புக்குக் கீழே. நடுவே ஒரு சொட்டு சிந்தாமல் டீ இறங்குகிறது. பார்வைக்கு வித்தையாகத் தெரிந்தாலும் இதில் காரியம் இருக்கிறது. சர்க்கரை கரைகிறது, நாக்கைச் சுடும் சூடு தணிகிறது, நுரை எழும்புகிறது. பாலில் உள்ள புரதம் டீயின் துவர்ப்புப் பொருளோடு சேர்ந்துகொள்வதால் பால் டீ தொண்டையைப் பிடிக்காமல் வழுக்கிக்கொண்டு போகிறது.

நுரையில் ஏமாற்றும் உண்டு. விளிம்பு வரை நிறைந்திருந்த கிளாஸ், நுரை அடங்கியதும் முக்கால் கிளாஸாகிவிடும். பழகிய வாடிக்கையாளர் அவசரப்பட மாட்டார். நுரை அடங்கும்வரை காத்திருந்து, கிளாஸை நீட்டி, “மாஸ்டர், கொஞ்சம் ஊத்துங்க” என்பார். மறுப்பவர்கள் அரிது.

வாயைத் திறந்து கேளுங்கள்

நட்சத்திர ஓட்டலில்கூடக் கிடைக்காத சலுகை ஒன்று டீக்கடையில் உண்டு. ஒவ்வொரு கிளாஸும் கேட்டவர் வாய்க்கு ஏற்றபடி தனியாகப் போடப்படுகிறது. “ஒரு ஸ்ட்ராங், ஒரு லைட், ஒரு வித்தவுட், ஒரு சர்க்கரை கம்மி” என்று நாலு பேர் நாலு விதமாகச் சொன்னாலும், மாஸ்டர் எதையும் எழுதி வைத்துக்கொள்வதில்லை. எந்த கிளாஸ் யாருடையது என்று குழம்பாமல் நீட்டிவிடுவார். வித்தவுட் என்றால் சர்க்கரை இல்லாதது. சூடு குறையக் கூடாது என்பவர்கள் “ஆத்தாம குடுங்க” என்கிறார்கள். இரண்டு பேருக்கு ஒரு டீ போதுமென்றால் “ஒன் பை டூ”. நாலு நாள் தொடர்ந்து ஒரே மாதிரி கேட்டால், ஐந்தாம் நாள் தலையைக் கண்டதுமே டீ தயாராகிவிடும்.

பால் நன்றாக இருக்கிறதா என்று தெரிந்துகொள்ள லைட் டீயும், தூள் எப்படி என்று பார்க்க ஸ்ட்ராங்கும் உதவும். புதுக் கடைக்குப் போகிறவர்கள் மீடியத்தில் தொடங்கி, அதன்பின் தங்கள் வழியைத் தேடிக்கொள்ளலாம்.

வடைக்கு நேரம் உண்டு

காலையில் மெதுவடை, முற்பகலில் மசால் வடை, மாலை நாலு மணிக்கு மேல் பஜ்ஜி, போண்டா, சமோசா. பல கடைகளில் ஏறக்குறைய இதுதான் ஒழுங்கு. இந்த நேரம் தெரிந்து போகிறவருக்குத்தான் முதல் ஈடு கிடைக்கும்.

மசால் வடையை எடைபோட அதை உடைத்துப் பார்க்க வேண்டும். ஊறிய கடலைப்பருப்பைத் தண்ணீர் விடாமல் கரகரப்பாக அரைத்திருந்தால் உள்ளே முழுப்பருப்பு அங்கங்கே தென்படும். சோம்பும் தட்டிய பூண்டும் மணக்கும். விளிம்பு மொறுமொறுவென்றும், நடுப்பகுதி மெத்தென்றும் இருக்க வேண்டும். எண்ணெயிலிருந்து எடுத்த கொஞ்ச நேரத்துக்குள் சாப்பிட்டுவிட வேண்டும். நேரமானால் உள்ளிருக்கும் வெங்காயத்தின் ஈரம் மேலே ஏறி, வடை நமுத்துவிடும். பஜ்ஜிக்கு இந்த விதி இன்னும் கடுமையானது. கடலை மாவோடு அரிசி மாவு சேர்ந்திருந்தால் கூடுதலாகக் கொஞ்ச நேரம் மொறுமொறுப்பு நிற்கும், அவ்வளவுதான்.

எண்ணெயையும் ஒரு பார்வை பார்க்கலாம். கறுத்து, கெட்டியாகி, சட்டி ஓரத்தில் நுரை தள்ளி, புகை அடித்தால் அன்றைக்கு பிஸ்கட்டோடு நிறுத்திக்கொள்வது நல்லது. திரும்பத் திரும்பக் காய்ச்சிய எண்ணெயில் சேரும் துருவச் சேர்மங்களின் அளவு 25 சதவீதத்தைத் தாண்டினால் அதைப் பயன்படுத்தக் கூடாது என்ற உணவுப் பாதுகாப்பு விதி 2018 ஜூலையில் அமலுக்கு வந்தது. செய்தித்தாளில் வடையை வைத்து அழுத்தி எண்ணெயைப் பிழியும் பழக்கமும் வேண்டாம். அச்சு மை வடையில் ஒட்டிக்கொள்ளும். தட்டோ வாழையிலைத் துண்டோ கேட்டு வாங்கலாம்.

ஊருக்கு ஊர் வேறு

வெளியூர் போகிறவர்கள் சொந்த ஊரில் கிடைப்பதையே தேடக் கூடாது. குமரி மாவட்டத்தில் நேந்திரம் பழத்தில் போடும் பழம்பொரியும், ரசத்தில் ஊறிய ரசவடையும் கேட்டுச் சாப்பிட வேண்டியவை. கோவையில் டீக்கடையின் வேலையைப் பெரும்பாலும் பேக்கரிகளே செய்கின்றன. அங்கே டீக்குத் துணை தேங்காய் பன்னும் பப்ஸும். ஊட்டியில் அடுக்கடுக்காக உதிரும் வர்க்கி. மதுரையில் மாலை வேளையில் டீக்கே போட்டியாகப் பருத்திப்பால் வந்து நிற்கும். மெரினாவில் கடற்காற்றோடு மிளகாய் பஜ்ஜி.

பெஞ்சில் இடம் பிடியுங்கள்

காப்பி நடுத்தர வர்க்கத்தின் அடையாளமாகவும், டீ உழைக்கும் மக்களின் பானமாகவும் தமிழகத்தில் எப்படி நிலைபெற்றன என்பதை வரலாற்றாய்வாளர் ஆ. இரா. வேங்கடாசலபதி விரிவாக எழுதியிருக்கிறார். 1942-ல் மதுரையில் சி. பா. ஆதித்தனார் தொடங்கிய ‘தினத்தந்தி’யின் எளிய தமிழ் டீக்கடை பெஞ்சுகளில்தான் பரவலாக வாசிக்கப்பட்டது. ‘தினமலர்’ தன் அரசியல் கிசுகிசுப் பகுதிக்கே ‘டீக்கடை பெஞ்சு’ என்று பெயர் வைத்தது. ஒரே பேப்பர் நாலு தாளாகப் பிரிந்து நாலு கைகளில் இருக்கும். விளையாட்டுப் பக்கம் வேண்டுமென்றால் தலைப்புச் செய்தியைக் கொடுத்து மாற்றிக்கொள்ள வேண்டும். ‘இங்கு அரசியல் பேசாதீர்’ என்ற பலகைக்கு நேர் கீழே உட்கார்ந்து தேர்தல் கணக்குப் போடுவதும், ‘இன்று ரொக்கம், நாளை கடன்’ பலகைக்கு அருகிலேயே பணம் வந்ததைச் சத்தமாக அறிவிக்கும் பெட்டி வந்துவிட்டதும் அங்கே கிடைக்கும் இலவசக் காட்சிகள்.

எல்லா பெஞ்சும் எல்லோருக்கும் திறந்திருந்ததில்லை. சாதி பார்த்துத் தனி கிளாஸ் கொடுத்த இரட்டைக் குவளை முறை தமிழகக் கிராமங்களில் நெடுங்காலம் இருந்தது. அதை எதிர்த்துப் பல போராட்டங்கள் நடந்தன. அரசியல் சாசனத்தின் 15-வது பிரிவு கடைகளையும் பொது உணவகங்களையும் வெளிப்படையாகவே குறிப்பிட்டு, அங்கே சாதியின் பெயரால் யாரையும் தடுக்கக் கூடாது என்கிறது. தனி கிளாஸ் வைத்திருக்கும் கடையில் டீ தேனாக இனித்தாலும் அது ரசிக்கத் தக்க கடை அல்ல.

டீ பிடிக்கவில்லையா? வெளியே போய்ப் புலம்ப வேண்டாம். “மாஸ்டர், கொஞ்சம் டிகாஷன் விடுங்க” என்று கிளாஸை அங்கேயே நீட்டுங்கள். பிடித்திருந்தால் அதையும் காசு கொடுக்கும்போதே சொல்லிவிடுங்கள். விடியும் முன்பே எழுந்து பாய்லரைப் பற்றவைக்கிற மனிதர் அவர்.