வரைகோட்டில் ஒரு சிறு புடைப்பு

வானியல் படங்களில் எனக்கு மிகவும் பிடித்தது, ஒரு விண்மீனின் ஒளி ஏறி இறங்கியதைக் காட்டும், புள்ளிகளால் ஆன ஒரு வரைகோடு. 2005 ஜூலையில், பால்வீதியின் நடுப்பகுதி இருக்கும் திசையில் அந்த விண்மீன் மெல்ல மெல்லப் பிரகாசமானது. சிலி நாட்டின் லாஸ் கம்பானாஸ் மலையிலிருந்து கண்காணித்த போலந்து வானியலாளர்களின் ஓகிள் குழு அதைக் கவனித்துச் சொன்னது. மாதக் கடைசியில் ஒளி ஏறக்குறைய மூன்று மடங்காகி, இறங்கத் தொடங்கியது. இடையே ஒரு மங்கலான சிறு விண்மீன் குறுக்கிட்டிருந்தது. அதன் ஈர்ப்பு, பின்னாலிருந்து வந்த ஒளியை வளைத்து நம் பக்கம் குவித்தது.

ஆகஸ்ட் 10 அன்று, வழவழவென்று இறங்கிய அந்தக் கோட்டில் சிறு புடைப்பு. சுமார் ஒரு நாள்தான் நீடித்தது. சிலியில் லா சியா, ஆஸ்திரேலியாவில் பெர்த் என்று ஓர் இடத்தில் விடிந்தால் இன்னோர் இடத்தில் இருட்டும்படி தொலைநோக்கிகள் காத்திருந்ததால் அது தப்பவில்லை. அந்தச் சிறு விண்மீனைச் சுற்றும் ஒரு கோளின் ஈர்ப்பு செய்த வேலை அது! பூமியைப்போல் சுமார் ஐந்தரை மடங்கு நிறை. சுமார் 20,000 ஒளியாண்டு தொலைவு. மைனஸ் 220 டிகிரிக் குளிர்.

இப்படியொரு ஒளிக்குவிப்பைக் காண வாய்ப்பில்லை என்றே 1936-இல் ஐன்ஸ்டைன் எழுதினார். கோளின் ஒளி ஒரு துளிகூட நமக்கு வந்ததில்லை, நிறை மட்டும் தெரிந்துவிட்டது. மனிதப் பொறுமைக்கு இதைவிட நல்ல சான்று எனக்குத் தெரியாது. அந்த வரைபடம் இணையத்தில் இருக்கிறது; ஒருமுறை தேடிப் பாருங்கள்.